கொண்டா டாக்டரம்மா

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் ஓசூர்ப் பக்கம் யாருக்கும் அடையாளம் தெரியாது. கொண்டா டாக்டரம்மா என்றால் மட்டும், அந்தக் காலத்தில் குழந்தை வைத்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஓசூரைத் தாண்டி, மைசூர் ராஜ்ய எல்லைக்குப் போகிற ரோட்டில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. முப்பது கட்டில், இரண்டு டாக்டர், ஒரு கம்பவுண்டர். அந்தக் கம்பவுண்டர் நான்தான். சொந்த ஊர் காவேரிப்பட்டினம். கல்யாணமாகிப் புதுசு, தலைக்கு வாசனைத் தைலம் தேய்க்கிற வயசு. டாக்டரம்மா வந்து சேர்ந்த முதல் நாளே அந்தத் தைலத்துக்குத் தடை போட்டார். நர்சுகள் மல்லிகைப்பூ வைக்கக் கூடாது, யாரும் பவுடர் பூசக் கூடாது. ஏனென்றால் அவருக்கு மூக்கு வேலை செய்ய வேண்டும். மற்ற டாக்டர்கள் காதில் குழாயை வைப்பார்கள். இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழந்தையின் வாய்க்கு நேரே மூக்கைக் கொண்டுபோவார்.

சளி, காய்ச்சல், பேதி என்றால் அவர் பார்க்க மாட்டார். அதெல்லாம் பெரிய டாக்டரிடம் போய்விடும். என்ன சீக்கு என்று ஒருத்தருக்கும் பிடிபடாத குழந்தைதான் அவருக்கு வேண்டும். நீலம் பாரித்து வருகிற குழந்தை, காற்றில் எதையோ பொறுக்கிக்கொண்டே இருக்கிற குழந்தை, பேயோட்டி முடித்துக் கடைசியாக எங்களிடம் தூக்கி வருகிற குழந்தை. தாயார் அழுதுகொண்டே நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பாள். டாக்டரம்மா கையை நீட்டி நிறுத்திவிடுவார்.

"சொன்னது போதும். வீட்ல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் கொண்டா."

திருநெல்வேலிச் சீமைக்காரர். எங்களையெல்லாம் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் மரியாதை கிடையாது. கலெக்டர் வந்தாலும் கொண்டாதான். ஆட்கள் பொய் சொல்வார்கள், மறப்பார்கள், பயப்படுவார்கள், சாமானுக்கு அந்தப் பழக்கம் எதுவும் இல்லை என்பது அவருடைய கட்சி.

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். வருகிற சாமானையெல்லாம் வைக்க இடம் என் மருந்து ரூம்தான். என் அலமாரிக்குக் கீழே ராகிப் பானை இருக்கும். தராசுக்குப் பக்கத்தில் அரளி மொட்டு, மர பொம்மை, ஊறுகாய்ச் சட்டி, யாருடைய தலையணையோ. ஒருவர் மாட்டு வண்டியில் வீட்டையே காலி செய்து ஏற்றிக்கொண்டு வந்தார், கதவு உட்பட. வண்டியின் பின்பக்கம் ஒரு வயசான அம்மாள் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். யார் என்று கேட்டேன். மாமியார் என்றாள் குழந்தையின் தாய். அவரை எதற்கு ஏற்றி வந்தாய் என்றதற்கு, சந்தேகப்படுகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னதாக மெதுவாகச் சொன்னாள். டாக்டரம்மா கதவு, பானை, மாமியார் என்று வரிசையாக மோந்து பார்த்தார். மாமியார் குற்றமற்றவர் என்று தெரிந்தது. கதவுக்கு அடித்திருந்த பச்சைப் பெயிண்டைப் பையன் சுரண்டித் தின்றிருந்தான்.

எங்கள் ஊரில் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. அது மூன்று பாஷைக்காரர்கள் காதில் போய் விழும். தெலுங்கு பேசுகிற ஒரு குடியானவர் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆமணக்குக் கொட்டை தின்ற பையன் என்று பின்னால் தெரிந்தது. டாக்டரம்மா வழக்கம்போல், "போய்க் கொண்டா," என்றார். தெலுங்கில் கொண்டா என்றால் மலை. அவர் மிரண்டுபோய், "கொண்டக்கா?" என்று கேட்டார். மலைக்கா போகணும் என்று அர்த்தம். டாக்டரம்மா, "ஆமா, கொண்டா. சீக்கிரம்," என்றார். மனிதர் பையனை எங்களிடம் விட்டுவிட்டு நேரே ஓசூர் மலைக்கோயிலுக்கு ஏறிவிட்டார். மூன்று மணி நேரம் கழித்துத் தேங்காய் மூடி, விபூதி, வாழைப்பழத்தோடு வந்து நின்றார். டாக்டரம்மா விபூதியை மோந்து பார்த்துவிட்டு, இதையா பிள்ளை தின்றது என்று கேட்டார். அதற்குள் பையன் வாந்தியெடுத்துத் தெளிந்து உட்கார்ந்துவிட்டான். அப்புறம் கேட்க வேண்டுமா? ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் முதலில் மலையேறிவிட்டு வர ஆரம்பித்தார்கள். கோயிலில் இருந்து வாரா வாரம் டாக்டரம்மாவுக்குப் பொங்கல் வந்தது. அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

கன்னடக்காரர் கதை இதைவிட மோசம். கன்னடத்தில் கொண்டா என்றால் தீ மிதிக்கிற குழி. எல்லைக்கு அந்தப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர், டாக்டரே சொன்ன பிறகு மறுக்கலாமா என்று மகளுக்காக ஊர்த் திருவிழாவில் தீ மிதித்துவிட்டு வந்தார். சீக்கு குழந்தைக்கு, கட்டு அப்பன் காலுக்கு. நான்தான் பதினைந்து நாள் கட்டுப் போட்டேன். அந்த வார்த்தையை மாற்றிக்கொள்ளச் சொல்லி நான் கெஞ்சியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை.

கேலி செய்கிறேனே தவிர, அந்த மூக்கை நான் மதித்தேன். ஒரு பள்ளி விடுதியில் பையன்களுக்கெல்லாம் பிடரியில் கொப்புளம். அம்மை என்று வாசலில் வேப்பிலை கட்டிப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். டாக்டரம்மா போனார். ஒரு பையனையும் தொடவில்லை. சட்டைகளை மட்டும் கொண்டா என்றார். எல்லாச் சட்டைக் காலரிலும் உள்பக்கம் சலவைக்காரர் வைத்த கறுப்புக் குறி. அந்தத் தடவை புதுச் சேங்கொட்டை வாங்கிக் குறி போட்டிருந்தார், அதன் பால் பட்ட இடம்தான் வெந்திருந்தது. வேப்பிலையை அவிழ்த்தார்கள். சாயங்காலம் தலைமையாசிரியர் மட்டும் தனியாக வந்தார். ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசினார். கடைசியில், வேட்டிக்கும் குறி போடுவார்களா என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். எங்கே போடுவார்கள் என்று டாக்டரம்மா கேட்க, இடுப்பில் சொருகுகிற முனையில் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னொரு பையனுக்கு மூன்று மாதமாகக் காய்ச்சல் ஏறி ஏறி இறங்கியது. மலேரியா மாத்திரை தின்று தின்று பையன் காதே அடைத்துப்போயிருந்தது. இவர் ஆட்டைக் கொண்டா என்றார். பையன் காய்ச்சாத ஆட்டுப்பால் குடிக்கிறவன், ஆடு இரண்டு தடவை குட்டியைக் கலைத்திருந்தது. டாக்டரம்மா ஆட்டைச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் அளவுச் சீட்டு வெட்டி வைத்திருந்த காகிதம் முழுவதையும் அது தின்றுவிட்டது. பையன் ரத்தம் பெங்களூர் போய், ஆட்டுக் காய்ச்சல்தான் என்று பதில் வந்தது. மூன்று மாதக் காய்ச்சல் ஊசியில் நின்றது. என் காகிதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த அளவுச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது மருந்து என்றால் தண்ணி மருந்துதான். பெரிய ஜாடியில் நான் கலக்கி வைப்பேன். நோயாளி வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர வேண்டும். ஊற்றி, பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டி, ஒரு வேளைக்கு ஒரு பல் என்று காட்டிக் கொடுப்பேன். ஒவ்வொருத்தரிடமும் இரண்டே கேள்வி. பாட்டிலைக் கழுவினீங்களா? எதோட பாட்டில்? சீமெண்ணெய்ப் பாட்டில், சாராயப் பாட்டில் என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட கேள்விகள். அதில் நான் ரொம்பக் கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு.

ஒரு திங்கட்கிழமை, பாகலூர் ரோட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சின்ன வயசு அம்மா, இரண்டரை வயசுப் பெண் குழந்தையோடு வந்தார். சும்மா இருமல். பெரிய டாக்டர் சீட்டு எழுதினார், நான் மருந்து ஊற்றிக் கொடுத்தேன். புதன்கிழமை காலையில் அதே குழந்தையை அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார், பின்னாலேயே அந்த அம்மா. வாயிலிருந்து எச்சில் கோடாக ஒழுகுகிறது, உடம்பெல்லாம் வேர்வை, கையும் காலும் தானாகத் துடிக்கிறது. டாக்டரம்மா இமையை விலக்கிப் பார்த்தார்.

"கண்ணு மணியப் பாருங்க கம்பவுண்டர். கடுகு கணக்கா இருக்கு. இது பூச்சி மருந்து."

ஊசி போட்டார். ஒரு மணி நேரத்தில் எச்சில் நின்றது, கண்மணி விரிந்தது. அப்பாவைப் பார்த்து, "கொண்டா," என்றார். நல்லவேளை, அவர் தமிழ்க்காரர். மத்தியானத்துக்குள் வண்டி வந்தது. டாக்டரம்மா ஒவ்வொன்றாக மோந்துகொண்டே போய், ஒரு கூடைக் கத்திரிக்காயில் நின்றார். மருந்தடித்து மூன்று நாள்தான் ஆகிறது என்று அப்பா ஒப்புக்கொண்டார். கூடையைக் குழி தோண்டிப் புதைத்தோம். ஆஸ்பத்திரியே பெருமூச்சு விட்டது.

சாயங்காலம் குழந்தைக்கு மறுபடியும் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. ஊசி போட்டதும் தெளிந்தது. வியாழக்கிழமை காலையில் மறுபடி. இந்தத் தடவை மூச்சும் இழுத்தது. டாக்டரம்மா கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஆஸ்பத்திரிப் பாலும் ரொட்டியும் தவிரக் குழந்தை எதையும் தொடவில்லை. இன்னும் இரண்டு தடவை இப்படி ஆனால் தாங்காது என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அந்த இரண்டு நாளும் நான் வார்டுக்குள் போகும்போதெல்லாம் அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டேன். எல்லாக் கட்டிலிலும் கேட்கிற கேள்விதான். மருந்து குடிச்சாச்சா? குடிச்சாச்சுங்கண்ணா என்பார். சொன்னபடி வேளை தவறாமல் கொடுக்கிற தாய் நீ ஒருத்திதான் என்று பாராட்டக்கூடச் செய்தேன்.

டாக்டரம்மா என் ரூம் வாசலில் வந்து நின்றார். "வீட்ல இல்ல. அப்ப இங்கதான் எதிலயோ இருக்கு. உங்க ரூமைக் கொண்டா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆறு வருஷமாக ஊரார் பானையைப் பாதுகாத்தவனுக்கு இதுவா மரியாதை? ஆனாலும் தூக்கி வைத்தேன். புங்க மரத்தடியில் ஜாடி, புட்டி, தராசு, புனல் எல்லாம் வரிசையாக வெயிலில் உட்கார்ந்தன. கூட்டம் கூடிவிட்டது. இந்தத் தண்ணியைத்தான் இத்தனை நாளாகக் குடித்தோமா என்று ஒருவர் மற்றவரிடம் கேட்டார். டாக்டரம்மா குனிந்து குனிந்து மோந்தார். ஒரே ஒரு சந்தேகத்துக்குரிய பொருள்தான் அகப்பட்டது. அலமாரிக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த தலைத் தைலம். அதை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தனியாக வைத்தார்.

அப்போது அந்த அம்மா வார்டிலிருந்து இறங்கி வந்தார். முந்தானையில் சுற்றி எதையோ பத்திரமாகப் பிடித்திருந்தார்.

"இதுவும் இந்த ரூம்ல வாங்கனதுதானுங்க. இதையும் வெக்கணுங்களா?"

என் இருமல் மருந்து பாட்டில். நான் ஒட்டிய காகிதம், நான் வெட்டிய பல். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. டாக்டரம்மா தக்கையை எடுத்து மோந்தார். நான் தாராளமாக ஊற்றுகிற சோம்புத் தண்ணீர் வாசனைதான் வந்திருக்கும், முகம் மாறவில்லை. எதோட பாட்டில் என்று கேட்டார்.

"மருந்து பாட்டில்ங்க."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு அதை ஜாடிகளோடு கீழே வைத்தார். திங்கட்கிழமை நானும் இதே பதிலைக் கேட்டு இதே மாதிரிதான் தலையாட்டினேன். மருந்து பாட்டிலில் மருந்து ஊற்றுவதில் என்ன தப்பு? அவர் அடுத்த ஜாடிக்குப் போய்விட்டார். பிறகு என்ன தோன்றியதோ, குனிந்த நிலையிலேயே திரும்பிப் பார்த்தார்.

"என்ன மருந்து?"

"கத்திரிக்கு அடிக்கற மருந்துங்க. தீந்துபோய்ச் சும்மாக் கெடந்துச்சு. நல்லாக் கழுவித்தான் கொண்டாந்தன்."

எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, கத்திரிக்கு அடிப்பதும் மருந்து, வாழ்க்கை வெறுத்தவன் குடிப்பதும் மருந்துதான். இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து நான் பேசுகிற பாஷை அது. வெள்ளைச் சட்டையைப் போட்டு ஜன்னலுக்குள் உட்கார்ந்ததும், என்னுடையது மட்டும்தான் மருந்து என்று நினைத்துவிட்டேன்.

அப்பா மனைவியைப் பார்த்துக் கையை ஓங்கினார். டாக்டரம்மா நடுவில் போய் நின்றார். இதை இதற்கு முன்னால் யாராவது கேட்டார்களா என்று அந்த அம்மாவிடம் விசாரித்தார். அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லீங்க. யாரும் கேக்கல," என்றார்.

எனக்காகச் சொன்ன பொய் அது. பயமோ இரக்கமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அதோடு முடிந்துவிடும். படிக்காத தாயின் அறியாமை என்று பெரிய டாக்டர் எழுதிவிடுவார். உண்மையைச் சொல்கிறேன், நாலைந்து மூச்சு விடுகிற நேரம் நான் சும்மாதான் நின்றேன்.

பிறகு, "நான் கேட்டேன் டாக்டரம்மா," என்றேன். "மருந்து பாட்டில்னுதான் சொன்னாங்க. நான் ஊத்திட்டேன்."

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அப்பாவிடம் திரும்பி, "உங்க வீட்டம்மா கேட்டவங்களுக்கெல்லாம் நெசத்தைத்தான் சொல்லியிருக்காங்க. இவரு காதுல விழல. நான் கேக்கவே இல்ல," என்றார். அப்புறம் என்னிடம், சாமானை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். தைலத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

குழந்தை பிழைத்தது. ஐந்து நாள் ஊசியோடு ஓட்டினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நானே போய்க் கண்மணியைப் பார்த்துவிட்டு வருவேன். ஆறாம் நாள் அது என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டியது. ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வீட்டுக்குப் போகிற அன்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பிள்ளைக்காக உங்கள் ரூமையே வெயிலில் தூக்கி வைத்தீர்களே என்று கண் கலங்கினார். நான் ஒரு புது பாட்டிலை எடுத்து இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஜன்னலில் என் கேள்வி மூன்றாகிவிட்டது. மருந்து கொடுக்கிறவனே என்ன மருந்து என்று கேட்கிறானே என்று வரிசையில் சிரிப்பார்கள். டாக்டரம்மாவும் மாறினார். கொண்டா என்று சொல்வதற்கு முன்னால், தாய் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். அப்படிக் காத்திருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது கட்டை விரல் ஆடுவதில் தெரியும்.

மாம்பழக் காலம் முடிகிற சமயம் அந்த அம்மா மறுபடி வந்தார். குழந்தை தானே நடந்து வந்தது. இடுப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் ஜன்னலில் வைத்தார். தேன். அண்ணன் அஞ்செட்டிக் காட்டிலிருந்து எடுத்து வந்ததாம், எனக்கென்றே வைத்திருந்தாராம். என் வாய் தானாகக் கேட்டுவிட்டது, எதோட பாட்டில் என்று.

"மருந்து பாட்டில்ங்கண்ணா," என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்க மருந்துங்க. வீட்டுக்குப் போறப்ப நீங்களே புது பாட்டில்ல ஊத்திக் குடுத்தீங்களே, அந்த மருந்து."

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. "கொண்டா."

டாக்டரம்மா தக்கையை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மோந்தார். ரொம்ப நேரம் மோந்தார். பிறகு சுண்டு விரலை விட்டுத் தொட்டு நாக்கில் வைத்தார். அடுத்து என்னிடம் நீட்டினார். நானும் தொட்டு நாக்கில் வைத்தேன். தேன்தான். ஆனால் அதற்கு அடியில் சோம்புத் தண்ணீர் வாசம் இருந்தது, இருமல் மருந்தின் கசப்பு இருந்தது.

"பாட்டிலை இன்னும் சரியாக் கழுவலை," என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு இன்னொரு விரல் தொட்டுக்கொண்டார்.